கோவக்காரிப் பாறை

பேர் கேட்பது ஒரு உத்தியோகம் என்று சொன்னால் பெண் கொடுக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்வார்கள். பேர்க்காரரின் மாமனாரும் யோசித்தார்.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"நில அளவைத் துறையில இருக்காருங்க. மலை, மேடு, ஓடை, கிணறு எல்லாத்துக்கும் பேர் கேப்பாரு."

"கேட்டு?"

"எழுதிக்குவாரு."

"அப்புறம்?"

"அடுத்த ஊருக்குப் போவாரு."

"இதுக்கெல்லாமா கவர்மெண்டுல சம்பளம் குடுக்கறாங்க?" என்று வாயைப் பிளந்த மாமனார், சம்பளம் மாசாமாசம் தவறாமல் வருகிறது என்று தெரிந்ததும் பிளந்த வாயை மூடிக்கொண்டு பெண்ணைக் கொடுத்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று இந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் திணறிய பெண்தான் பிறகு அவருக்கு மனைவியாக வந்தாள்.

வரைபடத்தில் கோடு போடுகிறவர் வேறு, உயரம் அளக்கிறவர் வேறு. அந்தக் கோட்டுக்கும் புள்ளிக்கும் பக்கத்தில் எழுத வேண்டிய பெயரை, அங்கே குடியிருக்கிற சனங்களின் வாயைப் பிடுங்கி வாங்கி வருவது இவர் வேலை. இரண்டு பேர், ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்காமல், தனித்தனியே ஒரே பேரைச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது வரைபடத்தில் ஏறும். இவர் சொந்தப் பேரைச் சொல்லித் துறையில் யாரும் கூப்பிட்டதில்லை. ஊருக்கெல்லாம் பேர் எழுதின மனிதருக்குக் கடைசிவரை பேர்க்காரர் என்பதுதான் பேர்.

அதெல்லாம் பழைய கதை. இப்போது பேர்க்காரர் ஓய்வு பெற்று, மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் போன் பண்ணுவாள். மற்ற நாட்களில் வீட்டில் சத்தம் போடுவது குக்கரும் குளிர்சாதனப் பெட்டியும்தான். ஒரு தடவை பால்காரர் மணியடித்தபோது, "என்ன?" என்று கேட்க வாயைத் திறந்தால் குரலே வரவில்லை. முந்தின நாள் காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அப்படிப்பட்ட வீட்டில், கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் போன் அடித்தது.

"சார், நில அளவைத் துறை, பெயர்ப் பிரிவிலிருந்து பேசறேன். நான் இங்க அதிகாரி. பாலைவனத்து வரைபடத்தைப் புதுசா அச்சடிக்கப் போறோம். அதுல கோவக்காரின்னு ஒரு பாறை இருக்கு சார். அந்தப் பேரை நீங்கதான் எழுதியிருக்கீங்க. அது எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சின்ன வயதுப் பெண்ணின் குரல். பேர்க்காரர் மடித்து வைத்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தெரியுமாவா?" என்றார். "என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? எப்ப வரணும், சொல்லு."

மனைவி போன பிறகு அந்தப் பேரை இன்னொருவர் வாயால் அவர் கேட்டதே இல்லை. மகளிடம் இவராகத்தான் ஆரம்பிப்பார். "அப்பா, இதை நீங்க சொல்லியிருக்கீங்க," என்பாள் அவள். அவள் மேல் குற்றமில்லை. பிறக்கும் முன் நடந்த சங்கதியை ஒரு பிள்ளை எத்தனை தடவைதான் கேட்கும்? ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இவருக்கு மூக்கை உடைத்த மாதிரி இருக்கும். இப்போது ஒருத்தி தானாகக் கூப்பிட்டு, வா, வந்து சொல் என்கிறாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

*

கல்யாணமான புதிதில் அவரைப் பாலைவனத்துக்கு மாற்றினார்கள். ஆளே இல்லாத இடத்தில் யாரிடம் பேர் கேட்பது என்று மேலே ஒருவரும் யோசிக்கவில்லை. உத்தரவு என்றால் உத்தரவுதான். மற்றவர்கள் எல்லாரும் குடும்பத்தை டவுனில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார்கள். இவர் மனைவி கேட்கவில்லை.

"புருஷன் மணல்ல, பொண்டாட்டி டவுன்ல. அதுக்கு எதுக்குக் கல்யாணம்? பேசாம எங்கப்பா வீட்டுலயே இருந்திருப்பேனே," என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

முகாம் என்பது தகரக் கூரை போட்ட ஒரு வரிசை அறைகள். வாசலில் ஒரு ஜீப். குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும். கிணறு என்று சொல்லப்பட்ட ஒரு உப்புக் குழியருகே ஆடு வைத்திருந்த ஒரு மனிதர். அக்கம்பக்கம் என்று சொல்ல வேறு யாரும் இல்லை. பேர்க்காரர் முதல் நாளே அந்த ஆட்டுக்காரரிடம் போய், தூரத்தில் தெரிந்த குன்றைக் காட்டி, "அதுக்கு என்ன பேருங்க?" என்று கேட்டார்.

ஆட்டுக்காரர் குன்றைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "அதுக்கு எதுக்குப் பேரு? அது எங்கயாச்சும் ஓடிப்போனாத்தானே கூப்பிடணும்?"

இதை வீட்டில் வந்து சொன்னபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "பேர் இல்லைன்னா என்ன, நாம வெச்சுட்டாப் போச்சு," என்றாள். வாரத்தில் ஒரு நாள் ஜீப் சும்மா நிற்கும். அன்றைக்கு இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். தண்ணீர்க் கேனைச் சுற்றி ஈரத்துணி, தலையைச் சுற்றி ஈரத்துணி. அவள் கையில் ஒரு குடை. பாலைவனக் காற்று முதல் நாளே அந்தக் குடையைத் திருப்பிப் போட்டுவிட்டது. ஆனாலும் விடாமல் ஒவ்வொரு வாரமும் எடுத்து வருவாள். "மழை வந்தா?" என்பாள், முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல்.

முதல் பயணத்திலேயே சண்டை. சாப்பாட்டை மூட்டையாகக் கட்டி அவர் கையில் கொடுத்திருந்தாள். வெயில் உச்சிக்கு வந்து, பசி வயிற்றைக் கிள்ளிய நேரத்தில், செம்மண் நிறத்தில் தனியாக நின்ற ஒரு பெரிய பாறையின் நிழலில் ஜீப்பை நிறுத்தினார்கள்.

"மூட்டையை எடுங்க."

பேர்க்காரர் பின்னால் பார்த்தார். சீட்டுக்கு அடியில் பார்த்தார். மறுபடி பின்னால் பார்த்தார்.

"எடுத்து வெச்சீங்களான்னு படிச்சுப் படிச்சுக் கேட்டேனே."

"வெச்சேன்."

"எங்க வெச்சீங்க?"

"டயர்ல காத்து இருக்கான்னு பாத்தேன்ல? அப்போ... படியில."

அவள் இறங்கி நடந்து பாறைக்குப் பின்னால் போய்விட்டாள். இவர் இந்தப் பக்கமாகச் சுற்றிப் போனால் அவள் அந்தப் பக்கமாக நகர்ந்தாள். அந்தப் பக்கமாகப் போனால் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். கால் ஓய்ந்து, சற்றுத் தள்ளிப் போய் மணலில் நின்று திரும்பிப் பார்த்தவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கோணத்தில் பாறை ஒரு பெண். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகவாயை முழங்காலில் வைத்து, உலகத்துக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏய், இங்க வந்து பாரேன்!" என்று கத்தினார். "உனக்கு முன்னாடியே ஒருத்தி வந்து புருஷனோட கோவிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா!"

பிறகு பாறைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. "அவ புருஷனும் மூட்டையைப் படியில வெச்சுட்டானாமா?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பசி பறந்துவிட்டது என்று சொன்னால் பொய். பசி அப்படியேதான் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைக் குடித்துக்கொண்டு பொழுது சாய்கிறவரை அங்கேயே இருந்தார்கள். பாறைக்குக் கோவக்காரி என்று பேர் நிலைத்தது. அவளுக்கும்தான்.

அதற்குப் பிறகு அவள் நாக்கு நிற்கவில்லை. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் பக்கத்தில் வராமல் போக்குக் காட்டிய ஒரு மலைக்கு இதோ-வந்தாச்சு என்று பேர் வைத்தாள். மிதித்தால் காலுக்கடியில் நொறுங்கிய உப்புத் தரைக்கு மொறுமொறு. வரிசையாக நின்ற குன்றுகளில் கடைசியாக, ஆளுயரம்கூட இல்லாமல், பெரியவர்களோடு சரிக்குச் சரி நிற்கப் பார்த்த மேட்டுக்குக் கடைக்குட்டி. ஒரே இடத்தில் முளைத்து, ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற இரண்டு தூண் பாறைகளுக்குச் சம்பந்திங்க. பொழுது சாய்ந்து கல் ஆறும்போது அவற்றிலிருந்து டக் டக்கென்று சத்தம் வரும். "கெளம்புங்க, கெளம்புங்க. சம்பந்திங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க. நடுவுல நின்னா நம்ம தலைதான் உருளும்," என்று அவரை இழுத்துக்கொண்டு ஓடுவாள். பெரிய பெரிய இடங்கள் எல்லாம் அந்தப் பாலைவனத்தில் உண்டு, பெரியவர்கள் தூரத்திலிருந்து வந்து பார்த்து வியப்பார்கள். அந்த இரண்டு பேருக்கும் அது சொந்தக்காரர்கள் வீடு மாதிரி ஆகிவிட்டது.

பேர்க்காரர் இதில் ஒன்றைக்கூடத் தானாக வரைபடத்தில் எழுதவில்லை. சொந்த விளையாட்டை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றுகிற ஆள் இல்லை அவர். அவருக்கும் தெரியாமல் ஒரு காரியம் நடந்துவிட்டது. தண்ணீர் லாரி ஓட்டுநருக்கு வழி சொல்லும்போதெல்லாம் மனைவி, "கோவக்காரியைத் தாண்டி வலது பக்கம் திரும்புங்கண்ணே," என்பாள். ஓட்டுநர் அதை ஆட்டுக்காரரிடம் சொன்னார். கூப்பிடாத பேர் எதற்கு என்று கேட்ட அதே ஆட்டுக்காரர், ஆடு தொலைந்தால் "கோவக்காரிப் பக்கம் பாத்தீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

வேலையைச் சரிபார்க்க மேலதிகாரி வந்தார். பட்டியலில் பேரே இல்லையே என்று கோபித்துக்கொண்டு, தானே போய் அந்தச் செம்மண் பாறையைப் பற்றி ஓட்டுநரிடம் கேட்டார். "அதுங்களா? கோவக்காரிங்க," என்றார் ஓட்டுநர். ஆட்டுக்காரரிடம் கேட்டார். "கோவக்காரிதான். வேற என்ன?" என்றார் அவர். "பாத்தியாய்யா? ரெண்டு சாட்சி, தனித்தனியா. இவ்வளவு நாள் என்னத்தைக் கிழிச்ச? எழுது!" என்று மேலதிகாரி சத்தம் போட, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைத் திறக்க முடியாமல் பேர்க்காரர் எழுதினார். சம்பந்திங்க என்ற பேரும் ஓட்டுநர் வாயில் வந்தது. "அரசாங்க வரைபடத்துல சம்பந்தியா? அடி," என்று அதை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டார். கோவக்காரி தப்பித்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு, "ஐயையோ, நான் கோவக்காரின்னு கவர்மெண்டுக்கே தெரிஞ்சுபோச்சா?" என்று தலையில் கைவைத்தாள். கடைசியில் கேட்டாள்: "எப்படி எழுதினீங்க? ப-வா, வ-வா?"

"புஸ்தகத்துல ப-தானே? கோபக்காரி."

"அதெல்லாம் கூடாது. கோபம்னா நெஜமாவே கோபம். கோவம்னா, சமாதானம் பண்ண ஆள் இருக்குன்னு அர்த்தம். வ போடுங்க."

சனங்கள் சொல்கிறபடியே எழுத வேண்டும் என்று விதியும் இருந்தது. வ போட்டார்.

நகரத்துக்குத் திரும்பி வந்து மகளைப் பெற்று, வளர்த்து, ஆளாக்கிய காலமெல்லாம் அந்தப் பேர்கள் அவர்களோடு இருந்தன. பஸ் வராவிட்டால், "இதோ-வந்தாச்சுதான் இன்னிக்கு," என்பாள். மகள் கல்யாண மண்டபத்தில் இரண்டு வீட்டாரும் மூலைக்கு ஒருவராக முறைத்துக்கொண்டு நின்றபோது அவர் காதருகே வந்து, "டக் டக்," என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பாஷையைப் பேசியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தி போய்விட்டால் மிச்சமிருக்கிறவன் யாரிடம் பேசுவான்? அவள் போன பிறகு ஒருநாள் லிஃப்டுக்குக் காத்து நின்றபோது வாய் தவறி, "இதோ வந்தாச்சு," என்றார். பக்கத்தில் நின்றவர் நல்ல மனிதர். "வந்துரும் சார், வந்துரும்," என்றார்.

*

அலுவலகத்துக்குப் போவதற்கு முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துக் கதையை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தார். மாமனாரில் ஆரம்பிக்கலாமா, மூட்டையில் ஆரம்பிக்கலாமா? மாமனாரில் ஆரம்பித்தால் சிரிப்பு நிச்சயம். ஆனால் நேரம் ஆகும். அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு வேலையோ. மூட்டை என்றே முடிவு செய்தார். பாறைக்குப் பின்னாலிருந்து குரல் வருகிற இடத்தில் மனைவி மாதிரியே சொல்லிப் பார்த்து, தனக்குத்தானே சிரித்ததில் கன்னத்தில் கொஞ்சம் வெட்டிக்கொண்டார்.

அலுவலகம் அதே கட்டடம்தான், உள்ளே எல்லாம் மாறியிருந்தது. வரைபடங்களைப் படுக்க வைத்திருந்த அகல இழுப்பறைகள் இல்லை, மை வாசனை இல்லை. அவர் உட்கார்ந்த மூலையில் இப்போது குடிநீர் இயந்திரம் நின்றது. அவரைத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

பெயர்ப் பிரிவு அதிகாரிக்கு மகள் வயதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். எழுந்து வந்து கதவைத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீர் சொல்லிவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் பாறை. அதே கோணம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு. எத்தனையோ வருஷம் கழித்துப் பார்க்கிறார்.

"ஸ்கூல் டூர்ல பாத்தேன் சார்," என்றாள் அதிகாரி. "அன்னிக்கே எனக்கு இவளைப் பிடிச்சுப்போச்சு. இந்த வேலைக்கு நான் வந்ததுக்கு இவளும் ஒரு காரணம்னு வெச்சுக்கங்களேன்."

பேர்க்காரருக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் சொல்லத் தோன்றாது? "அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னா..." என்று நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"ஒரு நிமிஷம் சார். அதுக்கு முன்னாடி விதியைச் சொல்லிடறேன். அப்புறம் நான் ஏமாத்திட்டேன்னு நீங்க நினைக்கக் கூடாது." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பழைய வரைபடத்துல எல்லாம் அளக்கப் போனவங்க இஷ்டத்துக்குப் பேர் வெச்சுட்டு வந்திருக்காங்க. ஒருத்தர் மாமனார் பேரை ஒரு குன்றுக்கு வெச்சிருக்கார். இன்னொருத்தர் வளத்த நாய் பேரை ஒரு ஓடைக்கு வெச்சிருக்கார். அதனால இந்தத் தடவை ஒரே முடிவு. ஊழியரோ அவங்க வீட்டு ஆளுங்களோ வெச்ச பேர்னு தெரிஞ்சா எடுத்துடணும். அந்த ஓடைக்கு இப்ப வெறும் நம்பர்தான்."

"நம்பரா?"

"நம்பர்தான் சார். கோவக்காரி விஷயத்துல எனக்கு அந்தப் பயம் இல்ல. இது நல்ல பழைய பேர். அங்க டூர் கூட்டிட்டுப் போறவங்க எல்லாரும் ஒரு கதை சொல்றாங்க. உங்களை மாதிரி அந்தக் காலத்து ஆள் ஒருத்தர், ஊர்க்காரங்க சொல்லித்தான் எழுதினேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. இப்ப சொல்லுங்க சார். பேர் எப்படி வந்துச்சு?"

தேநீர் வந்தது. பேர்க்காரர் அதை எடுத்து ஒரு வாய் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டதுகூடத் தெரியவில்லை.

சொல்லிவிட்டால் இந்தப் பெண் சிரிப்பாள், கண் கலங்குவாள், பிறகு வேறு வழியில்லாமல் பேரை எடுத்துவிடுவாள். சொல்லாமல் விட்டால் பேர் நிற்கும். ஆனால் அந்தப் பேர் யாருடையது என்று இனி வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது. நேற்று முழுக்கக் கண்ணாடியோடு பேசினதெல்லாம் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய்விட்டுச் சொல்லிவிட்டால் என்ன? நம்பர்தானே, இருந்துவிட்டுப் போகட்டுமே? அப்படியும் ஒரு கணம் நினைத்தார். பிறகு மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு, ப-வா வ-வா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. வீட்டில் அவளுடைய புடவைகளை மகள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அவள் பேரில் இருந்த போன் இணைப்பு போயிற்று. உலகத்தில் அவளுடையது என்று மிச்சம் இருப்பது அந்த ஒரு வார்த்தை.

"லாரி ஓட்டுநர் சொன்னாரும்மா," என்றார். "தண்ணி லாரி."

"ரெண்டாவது சாட்சி?"

"ஆடு வெச்சிருந்தவர் ஒருத்தர். அவரும் அதேதான் சொன்னாரு. தனித்தனியாத்தான் கேட்டது. அதுவும் மேலதிகாரியே."

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதுதான் வேடிக்கை. அதிகாரியின் விரல்கள் விசைப்பலகை மேல் ஓடின.

"அவங்க இப்ப இருக்காங்களா சார்?"

"ரெண்டு பேருமே இல்லம்மா."

"எழுத்துலயும் ஒரு சந்தேகம். இது கோபக்காரின்னு இருக்கணும் இல்ல? ப போட்டுத் திருத்திடலாமான்னு மேல கேக்கறாங்க."

"வேண்டாம்!" என்று பேர்க்காரர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம்மா. சனங்க வாயில வர்றது வ-தான். சொல்றபடி எழுதணும்னுதான் விதி."

"சரி சார், சரி. வ-வே இருக்கட்டும்." அவள் சிரித்தாள். "அந்தக் கதை உங்களுக்குத் தெரியுமா? ஒருத்தி புருஷனோட பாலைவனத்தைத் தாண்டிப் போறாளாம். தண்ணி கொண்டு வர்றேன்னு போன புருஷன் திரும்பி வரவே இல்லையாம். அந்தக் கோவத்துல அப்படியே கல்லாயிட்டாளாம். கேட்டா எனக்கு இப்பவும் என்னமோ பண்ணும் சார்."

தண்ணி இல்லம்மா, சாப்பாட்டு மூட்டை என்று நாக்கின் நுனிவரை வந்தது. போனது அவனும் இல்லை. திரும்பி வராமல் போனது அவள்தான். இங்கே கல்லாக உட்கார்ந்திருப்பவன் வேறு ஆள். பேர்க்காரர் எல்லாவற்றையும் மென்று முழுங்கினார்.

"அப்படியா? எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

"நீங்க நிறையப் பேசுவீங்கன்னு நெனச்சேன் சார். போன்ல அவ்வளவு உற்சாகமா இருந்தீங்க."

"வயசாச்சு பாரு."

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. கேட்டே ஆகணும், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த கேம்ப்ல யாராவது குடும்பத்தோட இருந்தாங்களா? வீட்டுல இருக்கற லேடீஸ் விளையாட்டா ஒரு பேர் வெச்சு, அது வெளிய பரவிடறது உண்டு."

பேர்க்காரர் திரையைப் பார்த்தார். கோவக்காரி அந்தப் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லம்மா. யாரும் இல்ல."

"உங்க வீட்டுல?"

"அவளா? அவ டவுன்லயே இருந்துட்டா. வெயில் ஒத்துக்காது அவளுக்கு."

"அந்தப் பக்கம் வந்ததே இல்லையா?"

"ஒரு தடவைகூட வந்ததில்ல."

சொல்லிவிட்டார். குரல்கூட நடுங்கவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் இரண்டு கைகளும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவள் வைத்த பேரைக் காப்பாற்ற, அந்த மணலிலிருந்து அவளையே துடைத்து எடுத்துவிட்டோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இனி மகளிடம்கூட இந்தக் கதையை எடுக்க முடியாது. மறுபடி கிளறினால் அவள் நாலு பேரிடம் சொல்லுவாள், அது சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து சேரும். பேர் எப்படிச் சுற்றி வரும் என்பது அவருக்குத் தெரியாததா?

அதிகாரி கடைசியாக ஒரு விசையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "முடிஞ்சுது சார். பேர் நிலைச்சுடுச்சு. இனி யாரும் அதுல கை வைக்க முடியாது."

"நல்லதும்மா," என்று பேர்க்காரர் எழுந்தார். அவளும் எழுந்து வாசல்வரை கூட வந்தாள். நல்ல பெண். ஏதாவது ஆறுதலாக, அன்பாகச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைத்திருப்பாள் போல.

"வீட்டுல மேடம் எப்படி இருக்காங்க சார்?"

"இல்லம்மா. போயிட்டா."

"அடடா." அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு தடவையாவது அவங்களைக் கூட்டிட்டுப் போய் அந்தப் பாறையைக் காட்டியிருக்கலாமே சார். அவ்வளவு பக்கத்துல இருந்தும் பாக்காமலே போயிட்டாங்களே."

பேர்க்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார். "காட்டியிருக்கலாம்."